சனிக்கிழமை காலை ஆறே முக்கால்

2023 அக்டோபர் 28, சனிக்கிழமை. காலை ஆறரைக்குப் பால்காரர் வந்தார். என் வீட்டுக்காரர்தான் வாசலுக்குப் போய்ப் பாலை வாங்கினார். அந்த மாதக் கணக்கைப் பார்த்துப் பணமும் கொடுத்தார். இரண்டு பேரும் மழையைப் பற்றி ஏதோ பேசிச் சிரித்தது அடுப்படி வரைக்கும் கேட்டது. ஆறே முக்காலுக்கு டீயைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். டம்ளர் கையில் நிற்காமல் நழுவி விழுந்தது. "ஏனுங்க, பார்த்துப் பிடிக்கக் கூடாதுங்களா?" என்று சொல்லிக்கொண்டே துணி எடுக்கத் திரும்பினேன். பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வாய் இடது பக்கமாகக் கோணியிருந்தது. வலது கை நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. என்னமோ சொல்ல வந்தார், சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

பால் கணக்கு முடித்த கைக்கும் டம்ளரைப் பிடிக்க முடியாத கைக்கும் நடுவில் 15 நிமிடம்தான்.

நாங்கள் திருப்பூரில் வேலம்பாளையம் பக்கம் பவர் டேபிள் நடத்துகிறோம். பனியன் கம்பெனிகளில் வெட்டிக் கொடுக்கிற துணியை வாங்கி வந்து தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். அப்போது தையல் மெஷின்களில் ஓவர்லாக் நாலு, பேட்லாக் மூன்று, சிங்கர் மூன்று ஓடிக்கொண்டிருந்தன. டெய்லர், செக்கிங், டெய்லருக்குக் கூடமாட உதவுகிற கைமடி எல்லாம் சேர்த்து 14 பேர். வீட்டுக்குப் பின்னாலேயே தகரக் கொட்டகை. மெஷின் சத்தத்திலேயே வளர்ந்தவள் என் மகள்.

இந்த ஊருக்குத் திடீர் மாற்றம் புதிது இல்லை. 2011 ஜனவரியில், நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவு வந்து சாயப்பட்டறைகள் மூடியபோது, துணி இல்லாமல் மாதக்கணக்கில் மெஷின்கள் நின்றன. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாது என்றார்கள், அந்த வாரச் சம்பளத்துக்குப் பட்ட பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச்சில் ஊரடங்கு. ஆனால் அதெல்லாம் ஊரோடு சேர்ந்து வந்தது. பக்கத்து வீட்டிலும் அதே பேச்சு இருக்கும், ஒருத்தருக்கொருத்தர் தைரியம் சொல்லிக்கொள்ளலாம். வீட்டுக்குள் வருகிறது அப்படி இல்லை. எதிர்க் கொட்டகையில் பாட்டுச் சத்தத்தோடு மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், நம் வீட்டில் மட்டும் பொழுது நின்றுபோகும்.

அன்றைக்கு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

முதலில் என் மாமியார் ஓடி வந்து, வாய்வாக இருக்கும் என்று வரக்காப்பி போட்டு வாயில் ஊற்றினார்கள். பாதி வெளியே வந்தது, மீதி புரையேறி மூச்சே நின்றுவிடுமோ என்று ஆகிவிட்டது. அவர்கள் மேல் தப்பில்லை. பெற்ற மனசு எதையாவது செய்யத்தான் பார்க்கும். ஆனால் பக்கவாதம் வந்தால் விழுங்குகிற சக்தியும் போயிருக்கலாம். மருத்துவர் சோதித்துச் சொல்கிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீரோ மாத்திரையோ வாயில் விடக் கூடாது. இதை ஆஸ்பத்திரியில்தான் தெரிந்துகொண்டோம்.

அடுத்த தப்பு என்னுடையது. 108-க்குப் போன் போடாமல், எதிர் வீட்டுத் தம்பியின் காரில் ஏற்றி, பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரு சின்ன கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். அங்கே குளுக்கோஸ் போட்டுப் படுக்க வைத்து, எட்டரைக்கு டாக்டர் வருவார் என்று உட்காரச் சொன்னார்கள். நானும் உட்கார்ந்தேன். டிரிப் ஓடுவதைப் பார்த்தால் வைத்தியம் நடக்கிற மாதிரியே இருந்தது. நர்சிங் படிக்கிற என் அண்ணன் மகள் போனில் அழாத குறையாகச் சொன்னாள்: "அத்தை, அங்க ஸ்கேன் இருக்குதா? இல்லீன்னா ஒரு நிமிசம்கூட இருக்காதீங்க. தலை ஸ்கேன் எடுக்கற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க." அவள் சொன்ன பிறகு கிளம்பிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு நாற்பது.

அங்கே வாசலிலேயே கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாருங்க?" என்பதுதான். எனக்குப் பால்காரர் ஞாபகம் வந்தார். ஆறரைக்கு நின்று பேசிச் சிரித்தார் என்றேன். அந்தப் பதில் எவ்வளவு பெரியது என்று அப்போது எனக்குத் தெரியாது. மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் கட்டி அடைத்து வருகிற பக்கவாதத்துக்கு, அந்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று இருக்கிறது. அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு முன்னால் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. நாலரை மணி நேரம் இருக்கிறதே என்று ஆற அமரப் போகக் கூடாது. தூக்கத்தில் வந்திருந்தால் எழுந்த நேரம் கணக்கு இல்லை, முந்தின ராத்திரி நன்றாகப் படுக்கப் போன நேரம்தான் கணக்கு. ரத்தக்குழாய் வெடித்து வருகிற பக்கவாதமும் உண்டு. அதற்கு இந்த ஊசி போட்டால் ஆளுக்கே ஆபத்து. எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, ஸ்கேன்தான் சொல்லும். அதனால்தான் ஸ்கேன் இல்லாத இடத்தில் கழித்த ஒன்றரை மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை என்று வந்தது. ஊசி போட்டாலும் கசிவு வருகிற ஆபத்து கொஞ்சம் உண்டு என்று விளக்கிச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டார்கள். ஊசிக்கு மட்டும் 50,000-ஐ ஒட்டி ஆகும் என்றார்கள். அண்ணன் வரட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த டாக்டர் கடிகாரத்தைக் காட்டினார். போட்டுவிட்டேன் கையெழுத்தை. ஒன்பது இருபதுக்கு ஊசி ஏறியது.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்கினால் கீழே இறங்கிவிடுவது, பேச்சு குழறுவது. இந்த மூன்றில் ஒன்று தென்பட்டாலும் 108 தான், அல்லது நேராக ஸ்கேனும் ஊசியும் இருக்கிற ஆஸ்பத்திரிதான். உங்கள் ஊருக்கு அது எது என்று இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலை நேரத்தில் விசாரிக்க முடியாது.

திடீரென்று வந்தது என்று சொல்கிறேனே, முழுக்க அப்படியும் இல்லை. அதற்கு இரண்டு வருசம் முன்னால் ஒரு முகாமில் 160-க்கு 100 என்று பிரஷர் காட்டியது. மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் போட்டார். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நிறுத்திவிட்டார். நானும் விட்டுவிட்டேன். பிரஷர் வலிக்காது என்பதை இவ்வளவு விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டோம். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் தெருவுக்கும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். இப்போது அந்த அம்மா வருகிற நாளை நான் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிறேன்.

சரி, இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன்.

அன்றைக்குச் சம்பள நாள். தீபாவளிக்கு 15 நாள் இருந்தது, போனஸ் வேறு. நாலாவது சனிக்கிழமை என்பதால் வங்கியும் லீவு. லீவு என்று தெரிந்து அவர் வெள்ளிக்கிழமையே சம்பளப் பணம் எடுத்திருப்பார், அதுவும் எனக்குத் தெரியும். எங்கே வைத்தார் என்பது தெரியாது. பீரோவில் இல்லை, சாமி அலமாரியில் இல்லை. அவரிடம் கேட்டால் என் முகத்தையே பார்க்கிறார். கண்ணில் தண்ணீர் வருகிறது. "சரி... சரி..." என்கிறார். அந்த ஒரு சொல்தான் வந்தது. இருபது வருசம் தொழில் நடத்திய மனுசருக்கு, ஆறு வாரத்துக்கு மேல், வேறு எந்தச் சொல்லும் இல்லை.

மூளையின் இடது பக்கம் அடிபட்டால் பலருக்குப் பேச்சு போய்விடும் என்றார்கள். அறிவு போவது இல்லை, சொல்தான் போகிறது. என்னை அடையாளம் தெரிகிறது, மகளுக்குப் பரீட்சை என்பது தெரிகிறது, பணம் எங்கே இருக்கிறது என்பதும் தெரிகிறது. வெளியே கொண்டுவர வழி இல்லை. எழுதவும் வராது, எழுத்தும் பேச்சோடு சேர்ந்து போய்விடுகிறது. வலது கை வேறு விழுந்துவிட்டது.

அன்று சாயங்காலம் என் அண்ணனிடம் கைமாத்து வாங்கிச் சம்பளம் போட்டேன். யாருக்கு எத்தனை பீஸ், என்ன ரேட் என்பதை டெய்லர்களே சொன்னார்கள். தேனிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் கடைசியில் நின்று, "அக்கா, அண்ணன் எனக்கு 8,000 அட்வான்ஸ் கொடுத்திருக்காரு. நோட்டுல இருக்காது. பிடிச்சுக்கங்க" என்றான். அவன் சொல்லாவிட்டால் அந்தப் பணத்தைப் பற்றி எனக்குத் தெரியவே வந்திருக்காது. திங்கட்கிழமை நூல் கோன் பெட்டியை எடுத்தபோது அடியில் சம்பளப் பணம் இருந்தது, ரப்பர் பேண்ட் போட்டு, எங்கள் நோட்டுத் தாளில் சுற்றி.

அவருடைய போன் அடுத்த பூட்டு. வழக்கமாக விரல் வைத்தால் திறக்கும். ஆஸ்பத்திரியில் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. மறுபடி போட்டால் விரல் ரேகையை ஏற்கவில்லை, நம்பரைக் கேட்டது. அணைந்து எழுந்த போன் அப்படித்தான் கேட்கும் என்று மகள் சொன்னாள். வேலை கொடுக்கிற பார்ட்டிகளின் நம்பர், சரக்கு அனுப்பிய சீட்டான சலானின் போட்டோ, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று அவரே பேசி வைத்துக்கொண்ட குறிப்பு, எல்லாம் அதற்குள்.

ஒரு கம்பெனிக்காரர் அவராகவே கூப்பிட்டு, "64,300 பாக்கி இருக்குதுங்க, அக்கவுண்ட் நம்பர் அனுப்புங்க" என்றார். இன்னொரு இடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று சாதித்தார்கள். அயர்ன் டேபிளுக்கு அடியில் கிடந்த சலான் புத்தகத்தின் கார்பன் பிரதிகளைக் காட்டிய பிறகு பாதி வந்தது. மீதியை விட்டுவிட்டேன். அலைய நேரம் இல்லை.

அப்புறம் ஒருத்தர் வீட்டுக்கே வந்து, அவர் 40,000 கைமாத்து வாங்கியதாகச் சொன்னார். இவரிடம் "வாங்கினீங்களா?" என்று கேட்டேன். "சரி" என்றார், தலையையும் ஆட்டினார். கொடுத்துவிடலாம் என்றே நினைத்தேன். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அம்மாதான் தடுத்தார்கள். இப்படிப் பேச்சு போனவர்களுக்கு ஆமாவும் இல்லையும்கூட மாறிப்போகும், ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேளுங்கள் என்றார்கள். "நீங்க அவருக்குக் கொடுக்க வேண்டியது இல்லைதானே?" என்று கேட்டேன். அதற்கும் "சரி" என்று தலையாட்டினார். முகத்தில் அவ்வளவு வேதனை. அன்றைக்கு நான் பட்ட துக்கம் ஆஸ்பத்திரி வாசலில்கூடப் படவில்லை.

அதே அம்மா சொல்லிக் கொடுத்த ஒரு வழிதான் எங்களைக் கரையேற்றியது. கேட்டால் வராத சொல்லும், பாட்டாகவோ சாமி மந்திரமாகவோ வரிசையாகச் சொல்லிப் பழகிய எண்ணாகவோ தானே வரும் என்றார்கள். அவர் வாழ்நாள் எல்லாம் பீஸ் எண்ணிக் கட்டியவர். ஒரு கட்டு பனியனை முன்னால் வைத்து, நான் "ஒண்ணு" என்று தொடங்கினேன். "ரெண்டு, மூணு, நாலு..." என்று பன்னிரண்டு வரைக்கும் போனார்! மகள் கதவோரம் நின்று அழுதாள். ஏழு என்று தனியாகச் சொல்லச் சொன்னால் வராது, ஒன்றிலிருந்து நடந்து ஏழில் வந்து நிற்பார். அப்படித்தான் நாற்பத்தி மூன்றாவது நாள் போனின் நம்பர் கிடைத்தது. ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒன்றிலிருந்து எண்ணி வந்து, நிற்க வேண்டிய இடத்தில் என் கையை அழுத்தினார். நாலு இலக்கம், முக்கால் மணி நேரம். நாற்பதாயிரம் பற்றிய குறிப்பு உள்ளே இருந்தது. வாங்கியது 25,000. அதைக் கொடுத்துவிட்டோம்.

வங்கிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு அவர் ஒருத்தர் பெயரில். நான்தான் நாமினி. அந்தத் தைரியத்தில் போனேன். முதல் நாள் கவுண்டரில், "நாமினி அவருக்கு அப்புறம்தாங்க, இப்ப எடுக்க முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உண்மைதான். நாமினி என்பது ஆள் இறந்த பிறகுதான் செல்லும். உயிரோடு இருந்து கையெழுத்துப் போட முடியாதவரின் பணத்தை நாமினி தொட முடியாது. மறுபடி போய் மேலாளரைப் பார்த்தேன். கையெழுத்துப் போட முடியாதவருக்கு ரிசர்வ் வங்கி வழி வைத்திருக்கிறது என்று அவர் சொன்னார். கைப் பெருவிரல் ரேகை, அது முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகை வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகைகூட வைக்க முடியாதவர் ஏதாவது ஒரு குறி போட்டாலும் அதே சாட்சிகளோடு ஏற்பார்கள். ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார், இடது கைப் பெருவிரலை வைத்துப் பணம் எடுத்தோம். அந்தக் கணக்கையே இப்போது இருவர் பெயரில், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிற 'ஈதர் ஆர் சர்வைவர்' முறைக்கு மாற்றிவிட்டோம். ஒரே ஒரு படிவம். கல்யாணமான வருசமே போட்டிருக்கலாம்.

பவர் பத்திரம் எழுதி வைத்தால் போதாதா என்று வக்கீலிடம் கேட்டேன். எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தித் தெளிவு போய்விட்டால் அந்தப் பத்திரமும் செல்லாது என்றார். அதனால் நன்றாக இருக்கும்போதே கணக்கைச் சேர்த்து வைப்பதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன்.

காப்பீட்டையும் அப்படியே விட்டுவிட்டோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருச வருமானம் 1,20,000-க்குள் இருக்கிற குடும்பத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. எங்கள் டெய்லர்களில் பாதிப் பேரிடம் அந்த அட்டை இல்லை. இப்போது ஆளைச் சேர்க்கும்போதே அதைக் கேட்கிறேன். இல்லாதவர்களுக்கு வருமானச் சான்று வாங்க ஒரு நாள் லீவு கொடுத்து அனுப்புகிறேன்.

சொந்தக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வந்தவர்களில் பாதிப் பேர் வைத்தியர்கள் ஆகிவிட்டார்கள். ஊத்துக்குளியிலிருந்து வந்த ஒருத்தர், புறா ரத்தம் தடவினால் கை எழுந்துவிடும் என்று அட்டைப் பெட்டியில் புறாவையே கொண்டு வந்துவிட்டார். அன்பில் செய்ததுதான். ஆனால் உடம்பில் ரத்தம் தடவி மூளையில் அடைத்த குழாய் திறக்காது. மகள் பெட்டியை மாடிக்கு எடுத்துப் போய்த் திறந்துவிட்டாள். உண்மையில் உதவியவர்கள் சத்தமில்லாமல் வந்தார்கள். நங்கையா, அதாவது அவருடைய அக்கா, மூன்று மாதம் எங்களோடு இருந்து, ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைத்தார்கள். முதுகில் ஒரு புண் வரவில்லை. உடற்பயிற்சிக்காரர் சொல்லிக் கொடுத்ததை ஒரு நாள் விடாமல் செய்ய வைத்ததும் அவர்கள்தான். முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம் தேறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தை மாதம் சுவரைப் பிடித்து நடந்தார். நடக்க ஆரம்பித்த பிறகுதான் அழுகையும் அதிகமானது, சின்ன விசயத்துக்கெல்லாம். பக்கவாதம் வந்தவர்களுக்கு மனசும் சோர்ந்துபோகும், அதற்கும் மருந்து உண்டு என்று டாக்டரிடம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. கேட்காமல் ஒரு மாதம் வீணாக்கிவிட்டோம்.

அப்போது தொடங்கியதுதான் நீள நோட்டு. வெள்ளிக்கிழமை பொழுதோட மெஷின் நின்ற பிறகு எழுதுவேன். யார் நமக்குத் தர வேண்டும், நாம் யாருக்குத் தர வேண்டும், டெய்லர் அட்வான்ஸ், கையில் இருக்கிற பணம் எந்த இடத்தில். பின் அட்டையை ஒட்டிய பக்கத்தில் கரண்ட் இணைப்பு எண், எல்ஐசி எண், வீட்டுப் பத்திரம் இருக்கிற இடம், அவருடைய மாத்திரைகளின் பெயர். என் போன் நம்பர்பூட்டு மட்டும் மூடின கவரில் மகளிடம். ஜிபே பின்னை எங்கேயும் எழுதவில்லை. அவரவருக்குத் தனிக் கணக்கு இருந்தால் அடுத்தவர் பின் தேவைப்படாது.

போன ஆவணியில் எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. சனிக்கிழமை வந்துவிட்டது. கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிற மகள் வந்திருந்தாள். நோட்டை எடுத்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தாள். "அம்மா, நோட்டுல அஞ்சு வாரமா ஒண்ணுமே எழுதலையே. யாருக்கு எவ்வளவும்மா?" எனக்கு எல்லாம் மனப்பாடமாகத் தெரியும், அதனால் எழுதவில்லை. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் டம்ளரைத் தவறவிட்ட அந்தக் காலையில் அவருக்கும் எல்லாம் மனப்பாடமாகத்தான் தெரிந்திருந்தது.

காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து அவளை எழுதச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார். இப்போது செக்கிங் டேபிளில் அவர்தான் எண்ணிக்கை. சின்னச் சின்ன வாக்கியம் பேசுகிறார், எண் மட்டும் இன்றைக்கும் ஒன்றிலிருந்துதான் வர வேண்டும். தேனிப் பையனுடைய கட்டு எத்தனை டஜன் என்று மகள் கேட்டாள். விரல் மடக்கி ஒண்ணு, ரெண்டு என்று தொடங்கினார். அவள் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பதினேழில் நிறுத்தினார். எழுதினாள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேரும் கையெழுத்துப் போடுகிறோம். மகள் கோயம்புத்தூரிலிருந்து போனில் கேட்டுக்கொண்டே தன் நோட்டில் ஒரு பிரதி எழுதி அதில் போடுகிறாள். அவர் இடது கையில் போடுகிறார்.